பனியாறு என்றே சொல்வோம்

நுழையும்முன்

உறைந்து கிடப்பதுபோல் தோன்றும் பனியும் ஓடுகிறது. ஓடும் வழியில் மலையைக் குடைகிறது. மண்ணையும் கல்லையும் சுமக்கிறது. தான் விலகிய இடத்தில் ஏரியைத் தேக்கிவைக்கிறது. இவ்வியல்பை உணர்த்தும் சொல்லொன்று தமிழில் இருக்க, நாம் வேறொரு சொல்லையே பெரிதும் கையாண்டு வருகிறோம். சொல்லைத் திருத்துவது பார்வையைத் திருத்துவதற்கான முதற்படி என்று வாதிடுகிறது இக்கட்டுரை.

இரு பொருளுக்கு ஒரு பெயர்

இமயமலை குறித்த செய்திகளைத் தமிழ் நாளிதழ்களில் படிப்போர், 'பனிப்பாறை உருகுகிறது', 'பனிப்பாறை உடைந்து வெள்ளம்' என்னும் தொடர்களை அடிக்கடி காண்கின்றனர். 1912-ஆம் ஆண்டு வட அட்லாண்டிக் பெருங்கடலில் டைட்டானிக் கப்பல் மோதி மூழ்கியதும் பனிப்பாறை என்றே எழுதப்படுகிறது. கங்கையின் தலைநீர் பிறக்கும் மலைமடியில் கிடப்பதும் பனிப்பாறை என்றே எழுதப்படுகிறது. கடலில் மிதப்பது ஒரு துண்டு. மலைமேல் கிடப்பது அத்துண்டை ஈன்ற தாய். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது, கிளையையும் மரத்தையும் ஒரே பெயரால் அழைப்பதற்கு ஒப்பாகும்.

நம் புவியியல் பாடநூல்கள் மலைமேல் உள்ளதைப் 'பனியாறு' என்று குறிக்கின்றன. இதுவே பொருத்தமான சொல். தமிழில் 'ஆறு' என்பது நீரோட்டத்தை மட்டும் குறிப்பதன்று; வழி என்றும் அது பொருள்படும். பரிசில் பெற்றுத் திரும்பும் புலவனோ கலைஞனோ, வறுமையில் வாடி எதிர்ப்படும் மற்றொருவனை வள்ளலிடம் செல்லும் வழியில் செலுத்துவதால்தான் அவ்விலக்கிய வகை 'ஆற்றுப்படை' எனப் பெயர் பெற்றது. ஓடுவதும் ஆறு, ஓடும் வழியும் ஆறு. பனியாறு என்னும் சொல்லில் இவ்விரு பொருளும் அடங்கியுள்ளன. பாறை என்று சொன்னால் அசையாத ஒன்று நம் மனக்கண்முன் நிற்கிறது. ஆறு என்று சொன்னால், அது எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, பெருகினால் என்னாகும் என்னும் கேள்விகள் தாமே எழுகின்றன.

ஒரு சொல்லுக்கு இத்தனை வாதமா எனச் சிலர் கேட்கலாம். அசையாதது என்று நம்பிய ஒன்றன் காலடியில் ஊரும் அணையும் எழுப்பிய பிறகு அது அசைந்தால் நேர்வது என்ன என்பதை இமயமலை நமக்குக் காட்டியிருக்கிறது. ஆகவே இது சொல்லைப் பற்றிய வாதம் மட்டுமன்று. பனியாறு எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு நடக்கிறது, நிலத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பவற்றை முறையாக அறிந்தால் இது விளங்கும்.

பனி, பனிக்கட்டியாதல்

தமிழர்க்குப் பனி புதிதன்று. பெரும்பொழுதுகள் ஆறனுள் முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே உரியவையாக வகுத்தனர் நம் முன்னோர். ஆயினும் நம் நிலத்துப் பனி, புல்நுனியில் துளியாய் நின்று கதிரவன் ஏறியதும் மறைந்துவிடுவது. உதகையின் புல்வெளிகளை மார்கழி, தை மாதங்களில் வெண்மையாக்கும் உறைபனியும் முற்பகலுக்குள் கரைந்துவிடும். பனியாற்றைத் தோற்றுவிக்கும் பனி வேறு வகையினது. அது வானிலிருந்து மழைபோல் பொழிவது. பொழிந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்குவது.

பனியாறு உருவாவதற்கு வேண்டிய முதன்மையான நிபந்தனை ஒன்று உண்டு. ஓராண்டில் பொழியும் பனி முழுவதும் அவ்வாண்டின் கோடையில் உருகித் தீர்ந்துவிடக் கூடாது. கடுங்குளிர் மட்டும் இருந்தால் போதாது. மிஞ்சும் அளவுக்குப் பனிப்பொழிவும் வேண்டும். ஆண்டுதோறும் சிறிது மிஞ்சினாலும், பழைய பனியின்மீது புதிய பனி அடுக்கடுக்காகச் சேரும்.

புதிதாய் விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றே. பஞ்சைப் போன்ற அதன் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குவரை காற்றிடைவெளி இருக்கக்கூடும். மேலே சேரும் அடுக்குகளின் சுமையால் கீழுள்ள பனி அழுந்துகிறது. அழகிய கிளைகளைக் கொண்ட பனிப்படிகங்கள் முனை மழுங்கி மணிமணியாகத் திரள்கின்றன. பகலில் உருகிய நீர் இடைவெளிகளுள் இறங்கி இரவில் மீண்டும் உறைகிறது. ஒரு கோடையைத் தாண்டி இவ்வாறு இறுகிய பனியை 'ஃபிர்ன்' என்று அறிவியலார் அழைப்பர். அது மேலும் அழுந்தும்போது மணிகளுக்கு இடையே இருந்த காற்றுவழிகள் அடைபட்டு, காற்று தனித்தனிக் குமிழ்களாகச் சிறைப்படுகிறது. அந்நிலையில் பனி, பனிக்கட்டியாகிவிடுகிறது. மலைப்பகுதிகளில் இம்மாற்றம் நிகழச் சில ஆண்டுகள் முதல் பல பத்தாண்டுகள் வரை ஆகும். மிகக் குளிர்ந்த அண்டார்டிகாவின் உட்பகுதியில் நூற்றாண்டுகள்கூட ஆகும்.

தூய பனியாற்றுக் கட்டி நீலநிறமாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. ஒளி அதனுள் நெடுந்தொலைவு ஊடுருவும்போது சிவப்பு நிறக் கதிர்கள் உட்கவரப்பட, நீலம் எஞ்சி நம் கண்ணை அடைகிறது. உள்ளே சிறைப்பட்ட காற்றுக்குமிழ்கள் பழங்காலக் காற்றின் மாதிரிகளாகும். அண்டார்டிகாவில் ஆழத் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளைக் கொண்டு, எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்த வளிமண்டலத்தின் தன்மையையும் அறிவியலார் கணித்துள்ளனர்.

வரவும் செலவும்

ஒவ்வொரு பனியாற்றுக்கும் வரவும் செலவும் உண்டு. உயரத்தில் பனி மிஞ்சிச் சேரும் பகுதி அதன் வரவு. தாழ்ந்த பகுதியில் உருகியும் ஆவியாகியும் இழக்கும் பனி அதன் செலவு. வரவு மிகுந்த ஆண்டுகள் தொடர்ந்தால் பனியாற்றின் முகப்பு பள்ளத்தாக்கில் முன்னேறும். செலவு மிகுந்தால் முகப்பு பின்வாங்கும்.

'பின்வாங்குதல்' என்னும் சொல்லை இங்கே கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பனியாறு ஒருபோதும் மலைமேல் திரும்பி ஏறுவதில்லை. முகப்பு பின்வாங்கும் காலத்திலும் உள்ளிருக்கும் பனி கீழ்நோக்கியே நகர்ந்துகொண்டிருக்கிறது. வந்து சேரும் பனியைவிட முகப்பில் உருகும் பனி மிகுதியாதலால் எல்லைக்கோடு மட்டும் மேலே செல்கிறது.

உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ள கங்கோத்ரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள அதன் முகப்பிலிருந்து பாகீரதி ஆறு புறப்படுகிறது. அவ்விடத்துக்குக் 'கோமுகம்' என்று பெயர். நம் கோயில்களின் கருவறைப் புறச்சுவரில் திருமுழுக்கு நீர் வெளிவரும் கோமுகியின் பெயரும் இதே பொருளுடையதே. 1935-ஆம் ஆண்டு முதல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையும் பிற ஆய்வாளர்களும் இம்முகப்பின் இடத்தைக் குறித்து வருகின்றனர். இக்காலத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கியுள்ளது. செலவு வரவை மீறிய கணக்கு இது.

நகரும் விதம்

திண்மமான பனிக்கட்டி எவ்வாறு ஓடும் என்னும் ஐயம் இயல்பானது. இதற்கான விடையை அறிவியலார் பொறுமையாக அளந்தே கண்டறிந்தனர். சுவிட்சர்லாந்தின் உன்டெரார்ப் பனியாற்றின்மீது 1827-ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் யோசெஃப் ஹூகி என்பவர் ஆய்வுக்காகச் சிறு குடில் ஒன்றை அமைத்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குடில் அமைத்த இடத்தைவிட்டுக் கீழே சென்றுகொண்டிருந்தது. 14 ஆண்டுகளில் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்திருந்தது. நிலம் அசையவில்லை, குடிலைத் தாங்கிய பனியே அதனைச் சுமந்து சென்றது. பின்னர் லூயி அகாசி என்னும் அறிஞர் அதே பனியாற்றின் குறுக்கே நேர்கோடாகக் கழிகளை நட்டு அளந்தார். நேர்கோடு நாளடைவில் வில்லாக வளைந்தது. கரையோரத்தில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் பனி நகர்ந்ததே அதற்குக் காரணம். நீரோடும் ஆற்றிலும் நடுநீரோட்டமே விரைவானது என்பதை நாம் அறிவோம். பனியாறு என்னும் பெயர் உவமையால் வந்ததன்று, உண்மையால் வந்தது என்பதை அக்கழிகள் மெய்ப்பித்தன.

பனி நகரும் வழிகள் முதன்மையாக இரண்டு. கட்டியின் தடிமன் ஏறத்தாழ 30 முதல் 50 மீட்டரைக் கடக்கும்போது, அதன் எடையால் கீழ்ப்பகுதிப் படிகங்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி உருமாறுகின்றன. கெட்டியான பாகு சரிவில் இறங்குவதுபோல் பனி மெல்ல இறங்குகிறது. இஃது உள்ளோட்டம். மற்றொன்று அடிவழுக்கல். மிகுந்த அழுத்தத்தில் பனியின் உருகுநிலை சற்றுக் குறைகிறது. ஆதலால் அடித்தளத்தில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. மேலிருந்து பிளவுகளின் வழியே இறங்கும் உருகுநீரும் அதனுடன் சேர்கிறது. அந்நீர் மசகெண்ணெய்போல் பயன்பட, முழுப் பனியாறும் பாறைப்படுகையின்மீது வழுக்குகிறது.

மேற்பகுதிப் பனியோ அழுத்தம் குறைந்ததாதலால் எளிதில் முறியும் தன்மையுடையது. அடியில் உள்ள பனி வளைந்து நகர, மேலுள்ளது வெடித்துப் பிளக்கிறது. மலையேறுவோர் அஞ்சும் ஆழ்ந்த பனிப்பிளவுகள் இவ்வாறு தோன்றுபவையே. மலைப் பனியாறுகள் பொதுவாக ஆண்டொன்றுக்குச் சில மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை நகர்கின்றன. கிரீன்லாந்தின் யாகோப்ஷாவ்ன் பனியாறு ஒரே நாளில் 40 மீட்டருக்கும் மேல் நகர்ந்த காலமும் உண்டு.

மலையைச் செதுக்கும் ஆறு

நகரும் பனி தன் வழியைத் தானே வெட்டிக்கொள்கிறது. பாறைப் பிளவுகளுள் புகுந்த நீர் உறைந்து பனியோடு ஒட்டிக்கொள்ள, பனி நகரும்போது பாறைத்துண்டுகள் பெயர்ந்து உடன்செல்கின்றன. இது பெயர்த்தெடுத்தல். அவ்வாறு அடியில் பதிந்த கற்கள் உப்புத்தாளில் பதிந்த மணல்போல் படுகையைத் தேய்க்கின்றன. இஃது உராய்தல். கற்கள் கீறிய இணைகோடுகளும் பளபளப்பாகத் தேய்ந்த பாறைகளும் பனியாறு சென்ற திசையை இன்றும் காட்டுகின்றன.

நீராறு தன் படுகையை மட்டும் ஆழமாக வெட்டுவதால் அதன் மலைப்பள்ளத்தாக்கு கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். பனியாறோ பள்ளத்தாக்கின் அகலம் முழுவதையும் நிறைத்துச் செல்வது. அது படுகையையும் இரு பக்கங்களையும் ஒருசேரத் தேய்ப்பதால், அடி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் அமைந்து, நம் 'ப' எழுத்தைப் போன்ற பள்ளத்தாக்கு உருவாகிறது. சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு இதற்குச் சிறந்த சான்று. முதன்மைப் பனியாறு ஆழமாக வெட்ட, சிறிய துணைப் பனியாறு அத்துணை ஆழம் வெட்ட இயலாமற்போகும். பனி மறைந்தபின் துணைப்பள்ளத்தாக்கு உயரத்தில் தொங்குவதுபோல் நிற்கும். அதன் விளிம்பிலிருந்து அருவி விழும். லாட்டர்புருன்னனில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவி அத்தகையது.

மலைச்சரிவில் பனி தங்கிய இடம் நாளடைவில் சாய்வு நாற்காலியைப்போல் குடையப்படுகிறது. இதனைச் 'சர்க்' என்பர். அடுத்தடுத்த இரண்டு சர்க்குகளுக்கு இடையே எஞ்சும் கூரிய முகடு 'அரெட்டு' எனப்படும். பல பக்கங்களிலிருந்தும் குடையப்பட்ட மலை, கொம்புபோல் நிற்கும். ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரம் அவ்வாறு செதுக்கப்பட்டதே.

பனியாறு வெட்டுவது மட்டுமன்றிச் சுமக்கவும் செய்கிறது. நீராறு பெருங்கல்லை விட்டுவிட்டு மணலை இழுத்துச் செல்லும்; பனியாறோ தூளையும் வீடளவு பாறையையும் வேறுபாடின்றிச் சுமக்கும். பனி உருகும் இடத்தில் அச்சுமை முழுவதும் கலவையாக இறங்கிக் குவிகிறது. இக்குவியல்களுக்கு 'மொரைன்' என்று பெயர். மணல், களிமண், உருண்டைக்கல், பெரும்பாறை ஆகியன ஒன்றோடொன்று கட்டுண்டு இறுகாமல் கலந்துகிடக்கும் மேடு அது. சில இடங்களில் உள்ளே பனிக்கட்டியும் புதைந்திருக்கும். முகப்பு பின்வாங்கும்போது, இம்மேட்டுக்கும் பனிக்கும் இடையே பள்ளம் ஏற்பட்டு, உருகுநீர் தேங்கி ஏரியாகிறது. எவரும் கட்டாத அணை அது. அதன் கரை எவ்வளவு உறுதியானது என்பதையும் எவரும் கணித்து அமைக்கவில்லை. இக்கட்டுரையின் வாதத்துக்கு உயிர்நாடி இச்செய்தியே.

தெரிந்து தெளிவோம்

இன்று வெயில் வாட்டும் ஒடிசாவின் தால்ச்சேர்ப் பகுதியிலும் பனியாறுகள் விட்டுச்சென்ற கற்படிவுகள் உள்ளன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதியாக இந்தியா தென்துருவத்துக்கு அருகில் இருந்த காலத்தில் அவை உருவாயின. மகாராட்டிரத்தின் சந்திரப்பூருக்கு அருகே, அப்பழம்பனி கீறிய கோடுகளைத் தாங்கிய சுண்ணாம்புப் பாறைத்தளமும் காணப்படுகிறது.

உழவர் ஒருவரின் கூர்நோக்கு

பனியாறுகள் நிலத்தைச் செதுக்கியவை என்னும் உண்மையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர், பல்கலைக்கழகம் எதனையும் சாராதவர். சுவிட்சர்லாந்தின் பான்ய பள்ளத்தாக்கில் வாழ்ந்த உழவரும் வேட்டையாளருமான ழான் பியர் பெரோதன், பனியே இல்லாத தாழ்நிலப் பாறைகளிலும் கீறல்களைக் கண்டார். உயரத்தில் பனியாற்றின் ஓரத்தில் தாம் கண்ட கீறல்களோடு அவற்றை ஒப்பிட்டு, முற்காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதையும் பனி நிறைத்திருந்தது என்று முடிவுசெய்தார். 1815-ஆம் ஆண்டில் அவர் இதனைச் சொன்னபோது, ழான் த ஷார்பான்தியே என்னும் அறிஞர் நம்பவில்லை. இக்னாஸ் வெனெட்ஸ் என்னும் பொறியாளர் செவிமடுத்தார். வெனெட்ஸ் பின்னர் ஷார்பான்தியேவை நம்பச் செய்தார். ஷார்பான்தியே அகாசியை நம்பச் செய்தார். 1837-ஆம் ஆண்டில் அகாசி, பனியூழி என்னும் கருத்தை அறிஞர் அவையில் முன்வைத்தார். நியூஷாட்டெல் நகருக்கு மேலுள்ள சுண்ணாம்புக்கல் மலையில் கிடக்கும் பெரிய கருங்கற்பாறை, நெடுந்தொலைவில் உள்ள மோன் பிளாங்க் மலைப்பகுதியிலிருந்து பனியால் சுமந்துவரப்பட்டது என்பது இதனால் விளங்கியது.

அதே பான்ய பள்ளத்தாக்கு மற்றொரு பாடத்தையும் வழங்கியது. ஜியேத்ரோ என்னும் பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த பனி, கீழே ஓடிய திரான்ஸ் ஆற்றை அடைத்து ஏரியை உருவாக்கியது. 1818-ஆம் ஆண்டில் நீர்மட்டம் உயர்வதைக் கண்ட வெனெட்ஸ், பனித்தடுப்பில் சுரங்கம் வெட்டி நீரைச் சிறிதுசிறிதாக வெளியேற்றினார். நீரின் ஒரு பகுதி பாதுகாப்பாக வடிந்தது. எனினும் சூன் 16-ஆம் நாள் தடுப்பு உடைந்தது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அவருடைய முயற்சி முழு வெற்றி பெறவில்லை. ஆனால் சுரங்கம் வெட்டாதிருந்தால் இழப்பு மேலும் பெருகியிருக்கும். பனியாற்றின் இயல்பை அறிந்தவர் அதன் ஏரியை முன்கூட்டியே வடிக்க முயன்றதற்கு இது தொடக்ககாலச் சான்று.

இமயம் காட்டிய உண்மை

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிகழ்வு இமயத்தில் வேறு வடிவில் நேர்ந்தது. 2013-ஆம் ஆண்டு சூன் மாத நடுவில் உத்தரகண்டில் கனமழை பொழிந்தது. கேதார்நாத்துக்கு மேலே, சோராபாரிப் பனியாற்றின் மொரைன் மேட்டை ஒட்டிச் சிறிய ஏரி ஒன்று இருந்தது. மழைநீரும் உருகுநீரும் நிறைய, சூன் 17 காலையில் அம்மேடு உடைந்தது. நீரும் சேறும் பாறைகளும் மந்தாகினி ஆற்றின் வழியே இறங்கின. அப்பேரிடரில் மாநிலம் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். நெடுங்காலமாக நிற்கும் கோயில் தப்பியது. அதனைச் சுற்றிப் பிற்காலத்தில் நெருங்கி எழுந்த கட்டடங்களுள் பல தப்பவில்லை. கேதார்நாத் அமைந்துள்ள நிலமே பனியாறு கொண்டுவந்து பரப்பிய படிவு நிலம். வெள்ளம் வந்த வழி புதியதன்று. பனியும் அதன் நீரும் பழகிய வழியே.

பத்தாண்டுகள் கழித்துச் சிக்கிம் மாநிலம் இதே இழப்பைச் சந்தித்தது. தெற்கு லோனாக் பனியாற்றின் முன்னுள்ள ஏரி, 1970-களில் 20 எக்டேருக்கும் குறைவான பரப்புடையதாக இருந்தது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க ஏரி விரிந்தது. 2023 செப்டம்பர் இறுதியில் அதன் பரப்பு 160 எக்டேரைத் தாண்டியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அக்டோபர் 3-ஆம் நாள் இரவில் பக்கவாட்டு மொரைன் சரிந்து ஏரியில் விழ, எழுந்த பேரலை முன்கரையை உடைத்தது. தீஸ்தா ஆற்றில் இறங்கிய வெள்ளம் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காணாமற்போயினர்.

இந்த ஏரி ஆபத்தானது என்பதை ஆய்வாளர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தனர். 2016-இல் குழாய்கள் அமைத்துச் சிறிதளவு நீரை வடிக்கவும் செய்தனர். முன்னெச்சரிக்கைக் கருவிகளை நிறுவும் பணி, பேரிடருக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொடங்கியிருந்தது. அறிவு இருந்தது; அது செயலாக மாறுவதற்குள் இரவு வந்துவிட்டது.

இயற்கையின் சீற்றத்தை யாரால் தடுக்க முடியும் என்று கேட்போர் உளர். மலைவாழ் மக்களுக்கு மின்சாரமும் சாலையும் வேண்டாவா என்று கேட்போரும் உளர். இரண்டாம் கேள்வி நேர்மையானது. மலையில் வாழ்வோரின் வளர்ச்சியை மறுக்கும் உரிமை சமவெளியில் வாழும் நமக்கில்லை. ஆனால் எங்கே கட்டுவது, எவ்வளவு நீரைத் தாங்குமாறு கட்டுவது, மேலே உள்ள ஏரியை யார் கவனிப்பது என்பனவற்றுக்கு விடை கண்டபின் கட்டுவதே வளர்ச்சி. மேலேயுள்ள பனியைக் கணக்கில் கொள்ளாமல் கீழே எழுப்பும் அணை, வரவு அறியாமல் செய்யும் செலவைப் போன்றது.

முதற்கேள்விக்கு விடையாக இரு சான்றுகள் உள்ளன. நேபாளத்தில் எவரெஸ்டுப் பகுதியில் உள்ள இம்ஜா ஏரியின் நீர்மட்டத்தை 2016-ஆம் ஆண்டில் வடிகால் வெட்டி ஏறத்தாழ மூன்றரை மீட்டர் குறைத்தனர். அணுகுதற்கரிய உயரத்திலும் அப்பணி முடிந்தது. சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் என்னும் சிற்றூருக்கு மேலிருந்த பிர்ச் பனியாற்றின்மீது பாறைகள் சரிந்து சுமையேற்றியதை அறிவியலார் கண்காணித்து வந்தனர். 2025 மே 19-ஆம் நாள் ஊரார் ஏறத்தாழ 300 பேரும் அவர்தம் கால்நடைகளும் வெளியேற்றப்பட்டனர். மே 28-ஆம் நாள் பனியாறு சரிந்து ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. உயிரிழந்தவர் ஒருவர். ஓர் உயிரும் பெரிதே. எனினும் முந்நூறு உயிர்களைக் காத்தது ஒன்பது நாள் முன்னறிவு. சரிவை எவரும் தடுக்கவில்லை. சரியப்போவதை அறிந்து விலகினர்.

மிகையும் வேண்டா

பனியாற்றை அசையாப் பொருளாகக் கருதுவது ஒரு பிழை. நாளையே அது மறைந்துவிடும் என்று அச்சுறுத்துவது மற்றொரு பிழை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழுவின் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில், இமயத்தின் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்னும் பொருளில் ஒரு தொடர் இடம்பெற்றது. அதற்குப் போதிய சான்றில்லை என்று 2010-இல் அக்குழுவே ஏற்றுக்கொண்டது. பனியாறுகள் சுருங்கி வருவது உண்மை. ஆயினும் அம்மிகைக்கூற்று, உண்மையையே ஐயுறுவோர்க்குக் கருவியாயிற்று.

கங்கையின் நீர் முழுவதும் பனியாறு தருவது என்பதும் அத்தகைய மிகையே. சமவெளியில் கங்கையைப் பெருக்குவது பெரும்பாலும் பருவமழை. ஆனால் மலைப்பகுதிகளில், மழையற்ற கோடையில் ஆற்றை வற்றாமல் காப்பது பனியுருகு நீர். இந்த அளவுகளை அளந்தறிந்து சொல்வதே மக்களுக்குப் பயன்படும். அச்சமூட்டும் செய்தி ஒருநாள் பேசப்படும். அளவெடுத்த செய்தி ஊரை இடம் மாற்றவும் அணையைத் திருத்தவும் உதவும்.

இந்தியாவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதர் நேரில் சென்று ஆண்டுதோறும் வரவுசெலவு அளப்பவை மிகச் சிலவே. செயற்கைக்கோள் ஏரியின் பரப்பைக் காட்டும். மொரைன் கரையின் உள்ளே பனி புதைந்துள்ளதா என்பதைக் களத்தில் நின்றே பெரும்பாலும் அறிய வேண்டியுள்ளது. அப்பணிக்கு நிலவியல், இயற்பியல், பொறியியல் கற்ற இளைஞர் பலர் தேவை. கடலோரத்தில் பிறந்தவர் பனிமலைக்குச் செல்லக் கூடாது என்னும் விதி எதுவுமில்லை.

நிறைவாக

பனியாற்றின் காலம் மனிதக் காலத்தைவிட நீண்டது. ஒருவர் வாழ்நாளில் காணும் மாற்றம் சிறிதாதலால், அதனை மாறாதது என்று எண்ணிவிடுகிறோம். ஓராண்டில் சில மீட்டர் நகர்வதை நம் கண் காணாது. கழி நட்டு அளந்த கண் காணும். தாழ்நிலப் பாறையின் கீறலை நாம் கடந்துசெல்வோம்; பெரோதன் நின்று நோக்கினார். அளத்தலும் நின்று நோக்கலும் அறிவியலின் இரு கண்கள்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. செய்தி எழுதுவோர், மொழிபெயர்ப்போர், ஆசிரியர், மாணவர் ஆகிய அனைவரும் மலைமேல் நகர்வதைப் பனியாறு என்றும், கடலில் மிதப்பதைப் பனிப்பாறை என்றும் வேறுபடுத்திச் சொல்லுதல் வேண்டும். சொல் மாறியதனால் மட்டும் ஏரிக்கரை உறுதிப்படாது. ஆயினும் 'ஆறு' என்று அழைத்தவுடன், ஆற்றோரம் வாழ்வோர் கேட்கும் கேள்வியை நாமும் கேட்கத் தொடங்குவோம்: மேலே நீர் எவ்வளவு, கரை எப்படி இருக்கிறது? அக்கேள்வியை உரிய காலத்தில் கேட்கும் ஊரே பிழைக்கும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு வாரத் தமிழ் நாளிதழ்களில் 'பனிப்பாறை' என்னும் சொல் இடம்பெறும் செய்திகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் மலைமேல் நகர்வதைக் குறிக்கிறதா, கடலில் மிதப்பதைக் குறிக்கிறதா எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக.

2. 'மலைப்பகுதிகளில் வளர்ச்சித் திட்டங்களும் பாதுகாப்பும்' என்னும் தலைப்பில் இரு அணியாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரில் உள்ள ஏரி அல்லது ஆற்றின் கரை, வடிகால், நீர்வரத்து ஆகியவற்றை நேரில் நோக்கி, ஒரு பக்க அளவில் அறிக்கை எழுதுக.